ஜெயித்த பதில்

அவளிடம் யார் எதைக் கேட்டாலும் பதிலுக்கு முன்னால் ஒரு தேதி வந்து நிற்கும். நாலாம் பாரத்தில் புதிதாக வந்த சார் ஒருவர் எல்லோரையும் எழுப்பி வீட்டு விவரம் கேட்டுக்கொண்டு வந்தார். "கூடப் பிறந்தது எத்தனை பேர்?" என்று அவளிடம் கேட்டபோது, "இன்னைய தேதிக்கு மூணு பேரு சார்" என்றாள். வகுப்பு சிரித்தது. கேலி செய்கிறாள் என்று நினைத்துச் சார் அவளை வெளியே நிற்கச் சொன்னார். இரண்டு வாரம் கழித்து அவள் அம்மைக்கு இன்னொரு பிள்ளை பிறந்தது. அவள் நேராகச் சாரிடம் போய், "சார், அண்ணைக்கு மூணுன்னு சொன்னேன். இப்ப நாலு" என்று திருத்தம் கொடுத்தாள். சார் மறுபடியும் வெளியே நிற்கச் சொன்னார்.

மூன்று வருஷம் அவளோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள் நான். அவள் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் எங்கிருந்தாவது அதற்கும் ஒரு திருத்தம் வந்து சேரும்.

அந்தப் பழக்கம் அவளுக்கு எங்கிருந்து வந்தது என்பதில் ரகசியம் ஒன்றும் இல்லை. தோவாளையில் அவள் அப்பாவுக்குப் பூத்தரகு. பூவுக்கு நேற்றைய விலை என்று ஒன்று கிடையாது. விடிந்தால் பிச்சிப்பூவுக்கு ஒரு விலை, முகூர்த்த நாளென்றால் வேறு விலை, மழை பெய்துவிட்டால் இன்னொன்று. அப்பா சந்தையில் இருக்கும் நேரத்தில் வீட்டுக்கு வந்து விலை கேட்பவர்களுக்குப் பதில் சொல்வது அவள் பொறுப்பு. ஏழெட்டு வயதில் ஒருதரம் தேதி சொல்லாமல் விலை சொல்லிவிட்டாள். கேட்டவர் மூன்று நாள் கழித்துக் கல்யாணத்துக்குப் பூ வாங்க வந்து, "ஒம்ம மக சொன்ன வெலயாக்கும்" என்று அதே விலையில் நின்றார். பூ அன்றைக்கு நாலு மடங்கு ஏறிக் கிடந்தது. "பிள்ள சொன்னது சொன்னதுதான்" என்று அவள் அப்பா கொடுத்து அனுப்பினார். மகளை அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. அடித்திருந்தால் ஒரு வாரத்தில் மறந்திருப்பாள்.

கூட இருப்பவர்களுக்கு இது சுகமான குணம் அல்ல. ஐந்தாம் பாரத்தில் ஒருநாள் நான் மனசு இளகிப்போய், "ஏட்டி, நாம எப்பவும் சேக்காளிதானே?" என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "இன்னைய தேதிக்கு ஆமா" என்றாள். இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. மூன்றாம் நாள் நானே போய்ப் பேசினேன். நான் பேசாமல் இருந்ததை அவள் கவனித்த மாதிரியே தெரியவில்லை.

தேதி போடாமல் அவள் சொல்லி நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான். ஆற்றங்கரையில் துணி அலசிக்கொண்டிருந்தோம். பள்ளிக்கூடம் முடிந்தபிறகு என்ன செய்யப் போகிறாய் என்று கேட்டேன். "காலேஜுக்குப் போவேன்" என்றாள். அவ்வளவுதான். துணியைப் பிழிந்து தோளில் போட்டுக்கொண்டு நடந்தாள்.

அவள் அப்பாவுக்கு அதில் விரோதம் இல்லை. அவளுக்குக் கீழே நாலு உருப்படிகள் இருந்தன என்பதுதான் விஷயம். அஞ்சுகிராமத்தில் அரிசிக்கடை வைத்திருந்த குடும்பம் ஒன்று அவளைப் பெண் கேட்டு ஆள் அனுப்பியிருந்தது. "சும்மா எடம் கெடைச்சா போ மக்ளே, நான் தடுக்கமாட்டேன். கெடைக்கலேன்னா தையில அவியளுக்கு வாக்கு குடுத்திருவேன்" என்று அவர் தெளிவாகச் சொல்லியிருந்தார். அவர் வாக்கு எப்படிப்பட்டது என்று அவளுக்குத் தெரியும்.

நாங்கள் பள்ளிக்கூடத்தின் கடைசி வகுப்பான ஆறாம் பாரத்துக்கு வந்த வருஷம் திருவனந்தபுரத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. எங்கள் தாலுகாக்கள் அப்போது திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்தன. சர்க்கார் ஹைஸ்கூல்களுக்குள்ளே குடிமைப் பாடத்தில் போட்டி. மூன்று பேர் கொண்ட அணி. ஜெயிக்கிற பள்ளிக்கூடத்துக்கு ஒரு வெள்ளிக் கோப்பை. பெரிய சார், அதாவது எங்கள் தலைமையாசிரியர், பிரேயரில் இங்கிலீஷ் தாளைப் பார்த்துத் தமிழில் சொன்னார். "ஜெயிச்சா காலேஜுல ஒரு எடமும் உண்டு. சம்பளம் கெடையாது, ஹாஸ்டலும் சும்மா. யாருக்குன்னு அப்ப பாத்துக்கிடலாம்." எங்கள் பள்ளிக்கூடம் அதுவரை எதிலும் ஜெயித்ததில்லை. அதனால் அதற்குமேல் யாரும் அந்தத் தாளைப் படிக்கவில்லை.

அவளைச் சேர்க்காமல் அணி கிடையாது. அச்சடித்த எந்தத் தாளும், பூ கட்டி வந்த பத்திரிகைத் துண்டுகூட, அவள் கண்ணிலிருந்து தப்பாது. இரண்டாவது ஆள் பொன்னையா. அரசியல் சட்டத்தின் பிரிவுகள் அத்தனையும் எண்ணோடு தெரிந்தவன், நாலு பேர் பார்த்தால் நாக்கு எழாதவன். மூன்றாவது நான். எனக்குக் குடிமைப் பாடத்தில் பஞ்சாயத்துக்குமேல் ஒன்றும் பிடிபடாது. ஆனால் எங்கள் அப்பாவுக்குப் பன்னிரண்டு கோட்டை விதைப்பாடு வயல் இருந்தது, ஊரில் அது பெரிய சொத்து. போன வருஷம்தான் பள்ளிக்கூடத்துக்குப் புது பெஞ்சுகள் செய்து கொடுத்திருந்தார். விண்ணப்பத்தில் ஒரு பெயருக்கு நேராக 'அணித்தலைவர்' என்று எழுத வேண்டியிருந்தது. பெரிய சார் என் பெயருக்கு நேராக எழுதினார். பெஞ்சு கொடுத்தவர் மகளை மூன்றாவதாக எழுதினால் நன்றாக இருக்காது என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். அவள் அதை ஒரு விஷயமாகவே எடுத்துக்கொள்ளவில்லை.

புரட்டாசியில் ஒருநாள் காலை, தோவாளைப் பூ போகிற பஸ்ஸிலேயே நாங்களும் போனோம். கூரையில் பூக்கூடைகள், கீழே நாங்கள். திருவனந்தபுரம் போய்ச் சேரும்வரை ஜன்னல் வழியாகத் தண்ணீர் சொட்டிக்கொண்டே வந்தது. போட்டி மண்டபத்தில் நாங்கள் உட்கார்ந்த பக்கம் மட்டும் கல்யாண வீட்டு வாசனை அடித்தது.

கேள்விகள் இங்கிலீஷில். பதிலை அவரவர் மொழியில் சொல்லலாம். தமிழ் தெரிந்த நடுவர் ஒருவரும் இருந்தார். பொன்னையா பதிலைத் தாளில் எழுதி நீட்டுவான், அவள் எழுந்து சொல்வாள், நான் தலைவிக்கு உரிய முறையில் தலையை ஆட்டுவேன். சாயங்காலம் நாங்களும் வடக்கே ஒரு பள்ளிக்கூடமும் சமமாக நின்றோம். கடைசிக் கேள்வி: "உங்கள் மாநிலத்தின் முதலமைச்சர் யார்?"

வடக்குப் பள்ளிக்கூடத்துப் பையன்கள் மூன்று பேரும் ஒரே குரலில் ஒரு பெயரைச் சொன்னார்கள். எனக்கும் அந்தப் பெயர் தெரியும். நாள் முழுக்க எனக்குத் தெரிந்த ஒரே பதில் அதுதான் என்பதால் சொல்லிவிட வாயைத் திறந்தேன். அவள் என் காலை மிதித்துக்கொண்டு எழுந்தாள்.

"இன்னைய தேதிக்கு யாரும் இல்ல சார்."

தமிழ் நடுவர் சிரித்தார். "முதலமைச்சர் இல்லாம ஒரு ஸ்டேட் உண்டா குட்டி?"

"பங்குனியிலயே மந்திரிசபை போச்சே சார். இப்ப ஜனாதிபதி ஆட்சில்லா நடக்கு."

நடுவர் தன் கையில் இருந்த விடைத்தாளைப் பார்த்தார். பக்கத்தில் இருந்தவரிடம் காட்டினார். அவர் மூன்றாமவரிடம் காட்டினார். மூன்று பேரும் வெகுநேரம் தலையைச் சேர்த்து வைத்துப் பேசினார்கள். கேள்வித்தாள் எழுதியவருக்கு மந்திரிசபை போனது நினைவில் இல்லை என்று தெரிந்தது. பிறகு கோப்பையை எங்களிடம் கொடுத்தார்கள். திரும்பி வரும்போது பொன்னையா அதை மடியிலிருந்து இறக்கவே இல்லை.

அந்தக் கல்லூரி இடம் யாருக்கு என்று பஸ்ஸில் யாரும் பேசவில்லை. பேச என்ன இருக்கிறது? என் காலில் செருப்புத் தடம் இன்னும் இருந்தது. அவள் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்து, உள்ளங்கையை வெளியே நீட்டிக் காற்றைப் பிடித்துக்கொண்டு வந்தாள். அவளை அப்படி நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

பாராட்டு விழாவை ஐப்பசி முதல் வாரத்தில் நடத்துவதாக ஏற்பாடு. அதற்குள் நவம்பர் ஒன்றாம் தேதி எங்கள் நாலு தாலுகாக்களும் கன்னியாகுமரி மாவட்டமாகிச் சென்னை மாநிலத்தோடு சேரப்போவது உறுதியாகிவிட்டது. பெரிய சார் பந்தல் செலவை யோசித்தார். இணைப்பு விழாவையும் பாராட்டு விழாவையும் ஒரே பந்தலில் முடித்துவிடலாம் என்று தள்ளி வைத்தார். இணைப்பு நடந்தது. ஊரே வெடி போட்டது. வெடிச் சத்தம் ஓய்ந்தபோதுதான் கல்லூரி இடத்தின் நினைவு எல்லோருக்கும் வந்தது.

பெரிய சார் திருவனந்தபுரத்துக்கு எழுதினார். அந்த மாணவி இப்போது வேறு மாநிலத்தவர், அதனால் இயலாது என்று பதில் வந்தது. நாகர்கோவிலில் சென்னை சர்க்கார் புதிதாகத் திறந்த ஆபீசுக்கு எழுதினார். அந்த வாக்குறுதியைக் கொடுத்தது வேறு மாநிலம், அதனால் இயலாது என்று பதில் வந்தது. இரண்டு கடிதங்களையும் அவள் வாங்கிப் படித்தாள். "ரெண்டு பேரு சொல்லுகதும் செரிதான்" என்றாள். முகம் மட்டும் வெளுத்துப் போயிருந்தது.

கார்த்திகை பாதியில் விழா நடந்தது. பந்தலின் முகப்பில் 'அயல் மாநிலத்தில் வாகை சூடிய எங்கள் செல்வங்கள்' என்று துணியில் எழுதிக் கட்டியிருந்தார்கள்.

"சார், நாம போனப்ப அது அயல் மாநிலம் இல்லியே" என்றாள் அவள்.

பெரிய சார் துணியை அண்ணாந்து பார்த்தார். "பெயிண்டு காஞ்சாச்சு மக்ளே" என்றார்.

அவருடைய திட்டம் வேறொன்றும் இருந்தது. போட்டியில் கேட்ட கேள்விகளை மேடையில் அவர் மறுபடி கேட்பார். நாங்கள் அதே பதில்களைச் சொல்ல வேண்டும். பிள்ளைகள் எப்படி ஜெயித்தார்கள் என்று ஊர் கண்ணால் பார்க்கும். கேள்வியும் பதிலும் அட்டையில் எழுதி வைத்திருந்தார்.

"அந்தப் பதிலெல்லாம் இப்ப தப்பு சார்" என்றாள்.

"தப்புன்னா எப்பிடி கோப்பை தந்தான்? ஜெயிச்ச பதில மாத்தப்பிடாது, கேட்டியா."

சென்னை மாநிலக் கல்வி இலாகாவிலிருந்து ஓர் அதிகாரி தலைமை தாங்க வந்திருந்தார். எங்கள் கழுத்தில் மாலை போட்டார்கள். அவள் குனிந்து மாலையை மோந்து பார்த்து, "நேத்தைய பூ" என்று என் காதில் சொன்னாள். பெரிய சார் தொண்டையைச் செருமிக்கொண்டு முதல் அட்டையை எடுத்தார்.

"நமது மாநிலத்தின் தலைநகரம் எது?"

"சென்னை" என்றாள் அவள்.

"தப்பு" என்றார் பெரிய சார், அட்டையைப் பார்த்தபடி. "திருவனந்தபுரம்."

பந்தலில் ஒரு சத்தம் எழுந்தது. அந்தக் கூட்டத்தில் பாதிப்பேர் இந்த இணைப்புக்காகப் போலீஸ் தடியால் அடி வாங்கியவர்கள். ஒருவர் பெஞ்சின்மேல் ஏறி நின்று, "வே, என்ன வே சொல்லுகேரு?" என்றார். எங்கள் அப்பா கொடுத்த பெஞ்சு அது. பெரிய சார் அட்டைகளை வரிசையாக அடுக்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அதிகாரி எழுந்து கையமர்த்தி, சிரிப்பை அடக்கிக்கொண்டு அவள் பக்கம் திரும்பினார்.

"சரியாத்தானம்மா சொன்ன. உனக்கு ஏதாவது கேக்கணுமா?"

இப்படி ஒரு கேள்வி வரும் என்று அவளுக்கு யாரும் சொல்லியிருக்க முடியாது. ஆனாலும் அவள் தயங்கவில்லை.

"இந்தப் பள்ளிக்கூடக் கட்டடம் இப்ப யாருக்கு சார்?"

"சென்னை மாநிலத்துக்கு."

"வாசல்ல கெடக்க ரோடு?"

"அதுவும்தான்."

"எங்க சாருமாரு?"

"அவங்களும் இனி எங்க ஆளுதான்."

"அப்ப பழைய சர்க்காரு எங்களுக்குத் தந்த வாக்கு சார்?"

அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். என்ன வாக்கு என்று கேட்டார். அவள் சொன்னாள், நாலே வாக்கியத்தில். அவர் கண்ணாடியைத் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். "எழுதிக் குடு, பாக்கறேன்" என்றார். அவள் எழுதியே கொண்டுவந்திருந்தாள். கூட்டத்தில் பின்வரிசையில் அவள் அப்பா நின்றுகொண்டிருந்தார். மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

பாக்கறேன் என்ற அதிகாரிகளில் உண்மையாகவே பார்த்தவர் அவர். மார்கழியில் கடிதம் வந்தது. வாக்குறுதி ஏற்கப்பட்டது, பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் இடமும் ஹாஸ்டலும் தரப்படும் என்று இருந்தது. பெரிய சார் எங்கள் இரண்டு பேரையும் ஆபீஸ் ரூமுக்குக் கூப்பிட்டார். அவர் முகம் விழா அன்றைக்கு இருந்ததைவிட மோசமாக இருந்தது.

பழைய சுற்றறிக்கையை இப்போதுதான் அவர் கடைசிவரை படித்திருந்தார். இடம் 'அணித்தலைவருக்கு' என்று அதில் இருந்தது. புதுக் கடிதமும் அதையே கேட்டது: போட்டி அன்று அணித்தலைவராக இருந்த மாணவியின் பெயர், அவளுடைய கையெழுத்து, தலைமையாசிரியரின் சான்று.

"நான் எல்லாம் யோசிச்சாச்சு" என்று பெரிய சார் ஒரு தாளை அவள் பக்கம் நகர்த்தினார். அவள் பெயர் போட்டு, அவள்தான் தலைவி என்று அவரே எழுதியிருந்தார். "ஒப்பு போடு மக்ளே. பழைய விண்ணப்பம் திருவனந்தபுரத்துலல்லா கெடக்கு. இப்ப அது வேற மாநிலம். எவன் போயி பாக்கப்போறான்?"

அவள் தாளை எடுத்து மேலிருந்து கீழ்வரை படித்தாள். பேனாவை எடுத்தாள். மறுபடியும் ஒருதரம் படித்தாள்.

"போட்டி அண்ணைக்கு தலைவி இவதான் சார்."

"அது பேருக்குப் போட்டது பிள்ளே."

"பேருக்குன்னாலும் அவதான."

"ஜெயிச்சது நீன்னு ஊருக்கே தெரியும்."

"ஜெயிச்சது நாந்தான். தலைவி அவளாக்கும்." பேனாவை மூடி மேசைமேல் வைத்தாள். அவளுக்கு அந்த இடம் வேண்டாமல் இல்லை. அவ்வளவு வேண்டியிருந்தது, ஆனாலும் கை எழுதவில்லை.

பெரிய சார் என்னைப் பார்த்தார். "நீயாவது சொல்லேன் மக்ளே. ஒங்கப்பாக்கு சம்பளம் கட்டுகது ஒரு காரியமா?"

நான் சொல்லியிருக்கலாம். "நான் தலைவி இல்ல சார், சும்மா போயிட்டு வந்தேன்" என்று ஒரு வாக்கியம். கணக்கு நோட்டைக் காணோம் என்று வாரத்துக்கு இரண்டு பொய் சொன்னவள் நான். பொய் எனக்குப் புதிதல்ல. எனக்கு அந்த இடம் வேண்டியிருந்தது, அதுதான் உண்மை. அப்பா கட்டுகிற பணத்தில் போனால் பணக்கார வீட்டுப் பெண். அந்தக் கடிதத்தில் போனால் கெட்டிக்காரி. அவள் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிட ஆசை பெரிதாக இருந்தது.

"அப்பாட்ட கேக்கணும் சார்" என்றேன்.

அப்பா மறுநாளே வந்து கையெழுத்துப் போட்டார், நானும் போட்டேன். பெரிய சாருக்கு நன்றியும் சொன்னார். பள்ளிக்கூட வாசலில் அவள் என்னோடு எப்போதும்போல நடந்து வந்தாள். "அங்க தேங்கா அரைக்காம கொழம்பு வைப்பாளுவளாம். அம்மைட்ட சொல்லி ஊறுகா கொண்டுபோ" என்றாள். அவள் அழுததை நான் பார்க்கவில்லை. அழுதால் பார்க்கக்கூடிய இடத்தில் அதற்குப்பிறகு நான் நிற்கவும் இல்லை.

தையில் அஞ்சுகிராமத்தில் கல்யாணம். பரீட்சைக்கு அவள் வரவில்லை. ஹாலில் அவள் நம்பர் எழுதிய மேசை கடைசி நாள் வரைக்கும் காலியாகவே கிடந்தது. நான் சுமாராக எழுதித் தேறினேன்.

ஹாஸ்டலில் முதல் நாள் சாயங்காலம் வார்டன் அம்மா புதிதாக வந்த பெண்களைச் சுற்றி உட்கார வைத்து, ஒவ்வொருத்தியையும் எழுப்பி, எப்படி இந்தக் கல்லூரிக்கு வந்தாய் என்று கேட்டார். அப்பா அனுப்பினார் என்றாள் ஒருத்தி. மாமா அனுப்பினார் என்றாள் இன்னொருத்தி. என் முறை வந்தது. எழுந்து நின்று, "போட்டியில் ஜெயித்து வந்தேன்" என்றேன். வார்டன் அம்மா எல்லோரையும் கைதட்டச் சொன்னார்.